வால்வுத் தொற்றின்போது வரும் மாரடைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய வால்வில் கிருமி பிடித்து மருத்துவமனையில் இருப்பவருக்கு, அல்லது சில வாரங்களாகக் காரணம் தெரியாத காய்ச்சலோடு இருப்பவருக்கு, திடீரென்று மாரடைப்பு வருவது அரிதுதான். ஆனால் வந்துவிட்டால், வழக்கமான மாரடைப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சில சிகிச்சைகள் இங்கே உயிருக்கே ஆபத்தாகலாம். கீழே உள்ள கேள்விகள் நோயாளிகளும் உறவினர்களும் வழக்கமாகக் கேட்பவை.

வால்வில் தொற்று என்றால் அங்கே உண்மையில் என்ன இருக்கிறது?

மருத்துவர்கள் இதை எண்டோகார்டைடிஸ் என்பார்கள். ரத்தத்தில் நுழைந்த பாக்டீரியா (சில சமயம் பூஞ்சை) வால்வின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அதைச் சுற்றி ரத்தத் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற நார்ப்பொருளும் படிந்து, பாசி போன்ற ஒரு கொத்து உருவாகிறது. இதற்குப் பெயர் வெஜிடேஷன். இரண்டு மூன்று மில்லிமீட்டரிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். வால்வு ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இது ஆடும். கொத்தின் உள்ளே ரத்த ஓட்டம் கிடையாது; வெள்ளை அணுக்களும் மருந்தும் உள்ளே போகத் திணறும். வாரக்கணக்கில் ஊசி மருந்து தேவைப்படுவது இதனால்தான்.

வால்வில் இருக்கும் தொற்று எப்படி மாரடைப்பாகிறது?

பெரும்பாலோர் நினைப்பது ஒரே வழி: வெஜிடேஷனிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து, இதயத்துக்கு ரத்தம் தரும் கொரோனரி தமனியில் போய் அடைத்துக்கொள்வது. இது நடப்பது உண்மை. இடது கொரோனரியின் முன்புறக் கிளையில் அதிகம் காணப்படுகிறது. ஆனால் இது ஒன்றே வழி என்று எண்ணினால் மற்றவை கண்ணில் படாமல் போகும்.

இரண்டாவது வழி, அழுத்தம். பெருந்தமனி வால்வில் தொற்று இருக்கும்போது, வால்வின் வேரைச் சுற்றியுள்ள திசுவில் சீழ்க்கட்டி உருவாகலாம். கொரோனரி தமனிகள் இரண்டும் புறப்படுவது அந்த வேரிலிருந்துதான். கட்டி வீங்கும்போது, தமனிக்குள் எந்த அடைப்பும் இல்லாமலேயே வெளியிலிருந்து நசுக்கப்படுகிறது. சில நோயாளித் தொகுப்புகளில் துண்டு போய் அடைத்ததைவிட இதுவே அதிகம் இருந்தது. இந்த வகையில் தமனிக்குள் பலூனை விரிப்பது பிரச்சினையின் வேரைத் தொடாது. கட்டியைத் திறந்து அகற்றியாக வேண்டும்.

மூன்றாவது, பெரிய வெஜிடேஷன் ஒன்று கொரோனரியின் வாயிலேயே வந்து மூடிக்கொள்வது. நான்காவது, வால்வு சிதைந்து கடுமையாகக் கசிவது. கொரோனரிக்குள் ரத்தம் பெரும்பாலும் பாய்வது இதயம் தளரும் நேரத்தில்தான். பெருந்தமனி வால்வு கசிந்தால் சரியாக அந்த நேரத்தில் பெருந்தமனியில் அழுத்தம் சரிகிறது. இதயத் தசை பட்டினி கிடக்கிறது. ஐந்தாவது, முன்பே கொழுப்புப் படிந்து குறுகிய தமனி உள்ளவருக்கு, கடும் காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, குறைந்த ரத்த அழுத்தம், ரத்தசோகை எல்லாம் சேர்ந்து தசையின் ஆக்சிஜன் தேவையைச் சமாளிக்க முடியாமல் போவது. வயதானவர்களிடம் இந்த ஐந்தாவதை மறந்துவிடக் கூடாது.

எவ்வளவு பேருக்கு இப்படி ஆகிறது?

வால்வுத் தொற்று உள்ள 100 பேரில் சுமார் 1 முதல் 3 பேருக்கு. மூளைக்கும் மண்ணீரலுக்கும் துண்டு போவது இதைவிடப் பன்மடங்கு அதிகம். கொரோனரி தப்பிப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு: பெருந்தமனியிலிருந்து ஏறக்குறைய செங்கோணத்தில் பிரிகிறது, குழாயும் மெல்லியது, இதயம் சுருங்கி ரத்தம் வேகமாக வெளியேறும் தருணத்தில் அதற்குள் பாயும் ரத்தமும் குறைவு. துண்டு நேராக மேலே போய்விடுகிறது.

யாருக்கு, எந்தக் கட்டத்தில் ஆபத்து அதிகம்?

முதல் இரண்டு வாரங்கள். சரியான ஆண்டிபயாடிக் தொடங்கிய பிறகு துண்டு பிய்ந்து போகும் ஆபத்து நாளுக்கு நாள் வேகமாகக் குறையும். இரண்டு வாரம் தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடும். வெஜிடேஷன் 10 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, நன்றாக ஆடிக்கொண்டிருந்தாலோ, மைட்ரல் வால்வின் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளது) முன் இதழில் ஒட்டியிருந்தாலோ, கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஆக இருந்தாலோ கவனம் கூட வேண்டும். சீழ்க்கட்டி நசுக்கும் வகைக்குப் பெருந்தமனி வால்வும், செயற்கை வால்வும் முக்கியக் களங்கள்.

வலியை வைத்தே இது எந்த மாரடைப்பு என்று சொல்ல முடியுமா?

முடியாது. நடு நெஞ்சில் இறுக்கம், வியர்வை, கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, மூச்சிரைப்பு எல்லாம் ஒன்றே. சர்க்கரை நோயாளிகளிடமும் முதியோரிடமும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். வேறுபாடு அதற்கு முந்தைய வாரங்களில் இருக்கிறது: விட்டு விட்டு வரும் காய்ச்சல், குளிர் நடுக்கம், இரவில் உடை நனையும் வியர்வை, எடை குறைவு, பசியின்மை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வலியில்லாத சிவந்த திட்டுகள், விரல் நுனியில் வலிக்கும் சிறு முடிச்சு, நகத்தடியில் முள் குத்தியது போன்ற கோடுகள், சிறுநீரில் ரத்தம் ஆகியவையும் துப்புகளே, எல்லோருக்கும் இருக்காது. விரல் முடிச்சுக்கு மருத்துவர் வில்லியம் ஆஸ்லரின் பெயரை வைத்திருக்கிறார்கள். இந்த நோயைப் பற்றி 1885-இல் அவர் ஆற்றிய உரைகள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன.

மாரடைப்பு வந்தாலே காய்ச்சல் வரும் என்கிறார்களே?

வரும். சேதமான தசையின் அழற்சியால் முதல் சில நாட்கள் லேசான சூடு இருக்கலாம். கவனிக்க வேண்டியது வரிசை. காய்ச்சல் முதலில், நெஞ்சு வலி பிறகு என்றால் தொற்றைத் தேட வேண்டும். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறினாலோ, குளிர் நடுக்கம் இருந்தாலோ, நாலைந்து நாட்களாகியும் இறங்காவிட்டாலோ அப்படியே.

நெஞ்சு வலி வந்தால் அந்த நிமிடம் என்ன செய்வது? ஆஸ்பிரின் மெல்லலாமா?

மருத்துவமனையில் இருந்தால் மணியடித்துச் செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்தால் அவசர ஊர்தியை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். தொலைபேசியில் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: "நெஞ்சு வலி, இதய வால்வில் தொற்றுக்கு மருந்து ஓடுகிறது" அல்லது "நெஞ்சு வலி, செயற்கை வால்வு உண்டு, இத்தனை நாளாகக் காய்ச்சல்". இந்த ஒரு வரி, உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி போடலாமா என்ற முடிவையே மாற்றும். அவசர அறையில் முதல் பத்து நிமிடத்தில் இசிஜி எடுத்து முடிவு செய்துவிடுவார்கள். காய்ச்சல் கதையை அப்புறம் சொல்லலாம் என்று விட்டால் நேரம் கடந்திருக்கும்.

வழக்கமான மாரடைப்பில் ஆஸ்பிரின் மெல்லச் சொல்வது சரியான அறிவுரை. வால்வுத் தொற்று உறுதியானவர் தானாக அதை எடுக்க வேண்டாம். மூளையில் வெளியே தெரியாத சிறு ரத்தக்கசிவு ஏற்கெனவே இருக்கலாம். அழைப்பை எடுப்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ட்ரோபோனின் கூடியிருக்கிறது என்றார்கள். அப்படியானால் மாரடைப்பு வந்துவிட்டதா?

அவசியம் இல்லை. ட்ரோபோனின் என்பது இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம். வால்வுத் தொற்று உள்ள பலருக்கு மாரடைப்பு இல்லாமலேயே இது உயர்ந்திருக்கும். இதயத் தசை அழற்சி, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் சிறு கிளைகளை அடைப்பது, இதயத்தின் மேல் விழும் பளு, சிறுநீரகக் குறைபாடு எல்லாமே இதை உயர்த்தும். மணிக்கணக்கில் ஏறி இறங்குகிறதா, இசிஜி மாறுகிறதா, எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) தசையின் ஒரு பகுதி மட்டும் அசையாமல் நிற்கிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மாரடைப்பு என்பார்கள். ஆனால் உயர்ந்த ட்ரோபோனினைப் பொருட்படுத்தாமல் விடவும் முடியாது; அது நோய் கடுமையானது என்பதன் அடையாளம்.

வலி இல்லாதபோதும் தினமும் ஏன் இசிஜி?

மாரடைப்புக்காக மட்டும் எடுப்பதில்லை. பி.ஆர். இடைவெளியை, அதாவது மின்துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குப் போய்ச் சேரும் நேரத்தை, அளக்கிறார்கள். இதயத்தின் மின்கம்பி போன்ற பாதை பெருந்தமனி வால்வின் வேரை ஒட்டிப் போகிறது. அங்கே சீழ் பரவினால் அந்த இடைவெளி நீளும். இசிஜி தாளில் ஐந்து சிறு கட்டங்கள், அதாவது 0.20 வினாடி, வரை இயல்பு. நேற்று நான்கு கட்டம், இன்று ஆறு கட்டம் என்றால், நோயாளி நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே எக்கோ பார்க்க வேண்டிய விஷயம் அது. கொரோனரியை நசுக்கக்கூடிய கட்டியின் முதல் அறிகுறி சில வேளை இந்தக் கோட்டில்தான் தெரியும்.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடவில்லை என்று கோபமாக இருக்கிறது. ஏன் மறுத்தார்கள்?

டெனெக்டெப்ளேஸ், ஆல்டெப்ளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்துகள் புதிதாக உறைந்த ரத்தத்தைக் கரைக்கும். இங்கே அடைத்திருப்பது கிருமியும் ஃபைப்ரினும் இறுகிய பழைய கொத்து. அது சரியாகக் கரையாது. பலன் இப்படிச் சந்தேகமாக இருக்க, ஆபத்து மிகப் பெரியது. வால்விலிருந்து துகள்கள் மூளைக்கும் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். அவை தங்கிய இடத்தில் ரத்தக்குழாய்ச் சுவர் நைந்து, பலூன் போல் வீங்கியிருக்கலாம். கரைப்பு மருந்து உடல் முழுதும் வேலை செய்வதால் அந்த இடம் வெடித்து மூளைக்குள் ரத்தம் கொட்டும். ஆகவே வால்வுத் தொற்று என்று தெரிந்தால், வலுவாகச் சந்தேகித்தாலும்கூட, கரைப்பு ஊசியைத் தவிர்ப்பார்கள். மருத்துவர் மறுத்தது அலட்சியத்தால் அன்று.

அப்படியானால் அடைப்பை எப்படி எடுப்பார்கள்? ஆஞ்சியோ செய்யலாமா, ஸ்டென்ட் வைக்கலாமா?

இங்குதான் எளிய விடை இல்லை. பெரிய தமனி முழுதாக அடைபட்டிருந்தால் ஆஞ்சியோ செய்தே ஆக வேண்டும். ஆனால் பெருந்தமனி வால்வில் ஆடிக்கொண்டிருக்கும் பெரிய வெஜிடேஷன் இருந்தால், கதீட்டர் (ஆஞ்சியோவுக்கு உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய்) அதில் பட்டு இன்னொரு துண்டை உதிர்க்கலாம். நிலைமை அனுமதித்தால் சி.டி. ஆஞ்சியோவில் கொரோனரியையும் வேரைச் சுற்றியுள்ள கட்டியையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம். உயிர் ஊசலாடும் மாரடைப்பில் அதற்கு அவகாசம் இருக்காது.

உள்ளே போனபின் முதலில் முயல்வது உறிஞ்சி எடுப்பது. மெல்லிய குழாய் வழியே அடைப்பை இழுத்து வெளியே எடுக்கிறார்கள். வழக்கமான மாரடைப்பில் எல்லோருக்கும் இப்படி உறிஞ்சும் பழக்கம் கைவிடப்பட்டுவிட்டது. இங்கே அதற்கு இன்னும் இடம் உண்டு. எடுத்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது. ஒரு பகுதி கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), ஒரு பகுதி திசு ஆய்வுக்கும் போக வேண்டும். ரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளராத நோயாளியிடம் கிருமியின் பெயர் இதிலிருந்து தெரியவரலாம்.

பலூன் விரித்தால், கிருமி படிந்த சுவர் பலவீனப்பட்டு, பின்னாளில் அங்கே வீக்கம் வரலாம். ஸ்டென்ட் என்பது ஓர் அந்நிய உலோகம். கிருமி உலவும் ரத்தத்தில் அதை வைத்தால் அதுவே தொற்றின் புது வீடாகலாம். மேலும் ஸ்டென்ட் வைத்தால் இரண்டு தட்டணு எதிர்ப்பு மருந்துகளை மாதக்கணக்கில் தர வேண்டும். நாளையே வால்வு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் ரத்தப்போக்கு பெரும் தலைவலி. இவ்வளவும் தெரிந்தும், உறிஞ்சியும் ரத்தம் ஓடாவிட்டால், அல்லது அடிப்படையில் கொழுப்புப் படிவுதான் காரணம் என்றால், ஸ்டென்ட் வைப்பார்கள். வேறு வழி இல்லை. சிறு கிளையின் நுனியில் அடைப்பு இருந்து நோயாளி நிலையாக இருந்தால், எதையும் தொடாமல் ஆண்டிபயாடிக்கை மட்டும் தொடர்வதும் சரியான முடிவே.

ரத்தம் நீர்க்கும் மருந்து கொடுத்தால் மேற்கொண்டு துண்டு பிய்வது நிற்காதா?

நிற்காது. தினம் 325 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த, 2003-இல் வெளியான ஆய்வில் துண்டு பிய்வது குறையவில்லை. ரத்தக்கசிவு கூடும் போக்கே தெரிந்தது. தொற்றுக்காக என்று புதிதாகத் தொடங்குவதில்லை. வேறு காரணத்துக்காக முன்பே எடுத்துவருபவர், ரத்தக்கசிவு இல்லாவிட்டால், தொடரலாம். உலோக வால்வு உள்ளவருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை நிறுத்தினாலும் ஆபத்து, தொடர்ந்தாலும் ஆபத்து. மூளையின் ஸ்கேன் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பலருக்கு, தேவையானால் உடனே நிறுத்தக்கூடிய ஹெப்பாரினுக்கு மாற்றுவார்கள்.

அவசரத்தில் முதலில் ஆண்டிபயாடிக்கா, ரத்தக் கல்ச்சரா?

கல்ச்சர். மூன்று தனித்தனி ஊசிக் குத்துகளில், மூன்று ஜோடி பாட்டில்கள், ஒவ்வொரு பாட்டிலிலும் பெரியவர்களுக்கு சுமார் 10 மி.லி. இடைவெளி அரை மணி நேரம் இருந்தால் நல்லது. கடும் செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் தடுமாறும் நிலை) என்றால் காத்திராமல் அடுத்தடுத்து எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்குவார்கள். ஏற்கெனவே பொருத்தியிருக்கும் சலைன் குழாயிலிருந்து எடுத்தால் தோல் கிருமி கலந்து குழப்பும்.

வால்வுக் கோளாறு உள்ளவர் காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் ஆண்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் போடுவதுதான் நாங்கள் காணும் மிகப் பொதுவான தவறு. காய்ச்சல் தற்காலிகமாக இறங்கும், கல்ச்சரில் எதுவும் வளராது, வெஜிடேஷன் மட்டும் சத்தமில்லாமல் வளரும்.

தொற்று மருந்தும் இதய மருந்தும் ஒன்றுக்கொன்று மோதுமா?

மோதும், பல இடங்களில். செயற்கை வால்வில் ஸ்டஃபைலோகாக்கஸ் இருந்தால் சேர்க்கப்படும் ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. வார்ஃபரின் வேகமாகச் சிதைந்து ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) விழும், அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு ரிஃபாம்பிசினை நிறுத்தினால், அடுத்த இரண்டு வாரங்களில் நொதிகள் பழைய நிலைக்கு இறங்க, அதே வார்ஃபரின் அளவில் ஐ.என்.ஆர். எகிறும். வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் ரத்தப்போக்குகளுக்கு இந்த இரண்டாவது பாதி ஒரு காரணம். ஃப்ளூக்ளாக்சசிலினும் சிறிய அளவில் இதையே செய்யும். ரிஃபாம்பிசின், தட்டணு எதிர்ப்பு மருந்தான டிகாக்ரெலரின் அளவைப் பெரிதும் குறைக்கும், ஆகவே சேர்த்துத் தரக் கூடாது. அதே வகை மருந்தான க்ளோபிடோக்ரலின் விளைவையோ கூட்டும்.

டாப்டோமைசின் என்ற ஆண்டிபயாடிக் ஓடும்போது கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரையும் இருந்தால் தசைச் சிதைவு வரலாம். தொடை, தோள் வலித்தால் சொல்லுங்கள், சி.பி.கே. என்ற தசை நொதியின் அளவை ரத்தத்தில் வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஜெண்டாமைசின் அல்லது வான்கோமைசின் ஓடுகிறபோது ஆஞ்சியோவுக்கான சாய மருந்தும் சேர்ந்தால் சிறுநீரகம் இரட்டை அடி வாங்கும். சாயம் போட்ட பின் இரண்டு மூன்று நாட்களுக்குக் கிரியாட்டினினும் சிறுநீர் அளவும் தினமும் பார்க்கப்படுகின்றனவா என்று கேளுங்கள்.

மாரடைப்பு வந்தவருக்கு வால்வு அறுவை சிகிச்சையை ஆறவிட்டுச் செய்யலாம் அல்லவா?

தொற்று இல்லாத நோயாளி என்றால் அது நியாயமான யோசனை. இங்கே காத்திருப்பதே பல சமயம் பெரிய ஆபத்து. சீழ்க்கட்டி இருந்தால், வால்வு கிழிந்து நுரையீரலில் நீர் கோத்தால், மருந்து சரியாக ஓடியும் துண்டு பிய்ந்து வால்வில் இன்னும் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் மீதி இருந்தால், அறுவை சிகிச்சை நாட்கணக்கில் முடிவாக வேண்டும். 2023-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் உயிராபத்து நிலைக்கு 24 மணி நேரம், அடுத்த நிலைக்கு 3 முதல் 5 நாள் என்று வரையறுக்கிறது. கொரோனரியில் சரிசெய்ய வேண்டியது இருந்தால் அதே மேசையில் பைபாஸும் செய்துவிடலாம்.

தள்ளிப்போட வலுவான காரணம் மூளைக்குள் ரத்தக்கசிவு. இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைக்கும்போது பெரிய அளவில் ஹெப்பாரின் தர வேண்டும் என்பதால், நிலைமை அனுமதித்தால் ஒரு மாதம் காத்திருப்பார்கள்.

மருந்தில் வெஜிடேஷன் முழுதும் கரைந்துவிடுமா?

பெரும்பாலும் சுருங்கும். சிலரிடம் கிருமி செத்த பிறகும் தழும்பு போல் எக்கோவில் தெரியும். அதை வைத்து மட்டும் சிகிச்சை தோற்றது என்று சொல்ல முடியாது.

எனக்கு வலது பக்க வால்வில் தொற்று. எனக்கும் மாரடைப்பு வருமா?

வலது பக்கத்திலிருந்து துண்டு பிய்ந்தால் நுரையீரலுக்குப் போகும். நெஞ்சு வலி வரும், ஆனால் மூச்சை இழுக்கும்போது குத்தும், இருமலில் ரத்தம் வரலாம். இரண்டு மேலறைகளுக்கும் நடுவே துளை உள்ளவரிடம் மட்டும் துண்டு இடது பக்கம் தாண்டக்கூடும்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

மொத்த மருந்துக் காலம் பொதுவாக 4 முதல் 6 வாரம். செயற்கை வால்வுக்கு 6 வாரம் அல்லது கூடுதல். நன்றாகிவிட்டது என்று இடையில் நிறுத்தாதீர்கள். முதல் ஓராண்டில் 1, 3, 6, 12 மாதங்களில் எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் செய்வது வழக்கம். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், எந்த ஆண்டிபயாடிக்குக்கும் முன் ரத்தக் கல்ச்சர். துண்டு அடைத்த கொரோனரியில் சுவர் வீக்கம் தாமதமாக உருவாகலாம் என்பதால், சில மாதம் கழித்து சி.டி. ஆஞ்சியோ தேவையா என்று கேட்டுவையுங்கள்.

பல் பிடுங்கும்போதும், ஈறைத் தொடும் வேலைகளின்போதும் முன்கூட்டியே ஆண்டிபயாடிக் வேண்டும். ஒருமுறை வால்வுத் தொற்று வந்தவர் அதிக ஆபத்துப் பட்டியலில் நிரந்தரமாக இருப்பவர். பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் 2 கிராம், 30 முதல் 60 நிமிடத்துக்கு முன், ஒரே தடவை. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அசித்ரோமைசின் 500 மி.கி. அல்லது டாக்சிசைக்ளின் 100 மி.கி. பழைய சீட்டுகளில் க்ளிண்டமைசின் இருக்கும். அமெரிக்க இதயச் சங்கம் 2021-இல் அதைக் கைவிட்டது. வேலைக்கு முன் மாத்திரை போட மறந்துவிட்டால், முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் போடலாம்.

கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஆஸ்பிரினும் இனி வாழ்நாள் முழுதுமா?

ஆஞ்சியோவில் என்ன கண்டார்கள் என்பதைப் பொறுத்தது. தமனிகளில் கொழுப்புப் படிவே இல்லை, தொற்றுத் துண்டு மட்டும் அடைத்தது, ஸ்டென்டும் இல்லை என்றால், வழக்கமான மாரடைப்பு நோயாளியின் மருந்துப் பட்டியல் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. இதயத் தசை பலவீனப்பட்டிருந்தால் அதற்கான மருந்துகள் மட்டும் தொடரும். மருத்துவமனையை விட்டு வரும்போது தரும் சுருக்கத்தில் "மாரடைப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால், "வால்வுத் தொற்றின் துண்டு அடைத்ததால்" அல்லது "சீழ்க்கட்டி அழுத்தியதால்" என்று காரணத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த மருத்துவர் உங்கள் மருந்துகளை முடிவு செய்யப்போவது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.